ஃபாக்ஸ் கிட்ஸ் (1990–2002): அந்தச் சனிக்கிழமைக் காலையை முடித்தது எது?

#1 | ஆன்டெனா_அன்பு | சனி, காலை 7:10

எக்ஸ்-மென் 97 கார்ட்டூன் தொடர் வந்ததிலிருந்து நம் மன்றத்தில், அமெரிக்காவின் ஃபாக்ஸ் டிவி பிள்ளைகளுக்காக நடத்திய ஃபாக்ஸ் கிட்ஸ் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேச்சு வருகிறது. தொடர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவை வந்த அந்தச் சனிக்கிழமைக் காலை நேரம் எப்படி உருவானது, பன்னிரண்டே வருடத்தில் ஏன் இல்லாமல் போனது என்பதை ஒரே திரியில் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதை முடித்தது போக்கிமானும் இல்லை, கேபிளும் இல்லை. ஊர் நிலையங்களுக்கு அதில் இருந்த அக்கறை போனதுதான் காரணம்.

அமெரிக்க டிவியின் அமைப்பு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நம் ஊரில் ஒரு சேனல் என்றால் சென்னையில் தெரிவதுதான் திருநெல்வேலியிலும் தெரியும். அங்கே ஊருக்கு ஊர் தனி நிலையம், தனி முதலாளி. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற நெட்வொர்க்குகள் நிகழ்ச்சியைக் கொடுக்கும், ஊர் நிலையம் ஒப்பந்தப்படி ஒளிபரப்பும். மீதி நேரத்தை நிலையமே நிரப்பிக்கொள்ள வேண்டும். 1986 அக்டோபரில் ஃபாக்ஸ் நான்காவது நெட்வொர்க்காக வந்தபோது அதோடு சேர்ந்தவை பெரும்பாலும் அந்த மூன்றோடும் சேராத சுயேச்சை நிலையங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலை கார்ட்டூன்தான் அவற்றுக்குச் சோறு போட்டது.

1987-லிருந்து அந்த மாலை நேரத்தின் ராஜா டிஸ்னியின் டக்டேல்ஸ். ஃபாக்ஸ் நிலையங்கள் பலவும் அதை வாங்கிப் போட்டன. லாஸ் ஏஞ்சலிஸில் ஃபாக்ஸின் சொந்த நிலையமான கேடிடிவியிலும் அதுதான் ஓடியது. டிஸ்னி அதே ஊரில் கேஎச்ஜே என்ற நிலையத்தை வாங்கியது. வாங்கிய கையோடு டக்டேல்ஸையும் தன் நிலையத்துக்கே எடுத்துக்கொண்டது. ஃபாக்ஸ் தலைவர் பேரி டில்லருக்கு இது பொறுக்கவில்லை. டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் முன்பு பாரமவுன்ட்டில் டில்லருக்குக் கீழே இருந்தவர். அதனால் இது இரண்டு கம்பெனிகளின் தகராறு மட்டும் இல்லை. இனி டிஸ்னியை நம்ப வேண்டாம், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை நாமே கொடுப்போம் என்று ஃபாக்ஸ் தன் நிலையங்களோடு பேசத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் டிஸ்னி வழக்கே போட்டது, பிற்பாடு கைவிட்டது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ஃபாக்ஸ் சில்ட்ரன்ஸ் நெட்வொர்க் என்று முதலில் பெயர் வைத்த அந்த ஏற்பாட்டில் நிலையங்களும் கூட்டாளிகள். செலவு போக வரும் லாபத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அன்றைய ஃபாக்ஸ் நெட்வொர்க்கின் தலைவர் ஜேமி கெல்னர் பின்னணியில் இருந்தார். நடத்த வந்தவர் மார்கரெட் லெஷ். ஹன்னா-பார்பெராவில் வேலை பார்த்து, பிறகு மார்வெல் புரொடக்‌ஷன்ஸை நடத்தியவர்.

1990 செப்டம்பர் 8, சனிக்கிழமை காலை தொடங்கினார்கள். இரண்டே நாள் கழித்து, திங்கட்கிழமை, டிஸ்னி ஆஃப்டர்நூன் தொடங்கியது. முதல் வருடம் பாபிஸ் வேர்ல்ட், டாம் அண்ட் ஜெர்ரி கிட்ஸ், அட்டாக் ஆஃப் த கில்லர் டொமேட்டோஸ். பெரிதாகச் சொல்ல பாபிஸ் வேர்ல்ட் ஒன்றுதான். உண்மையான கதை 1992-ல் ஆரம்பிக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


#2 | கோட்டோவியன் | சனி, காலை 8:02

1992-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன் அன்பு. அனிமேஷன் துறையில் இருப்பதால் அந்த வருடத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது.

செப்டம்பர் 5 அன்று பேட்மேன் அனிமேஷன் தொடர். பெரும்பாலும் வாரநாள் மாலையில்தான் வந்தது, சனிக்கிழமைக்கு மட்டும் உரியது இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் ஃபாக்ஸ் கிட்ஸ் பற்றிப் பேச முடியாது. புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி இருவரும் உருவாக்கியது. பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வழக்கமாக வெள்ளைத் தாளில் வரைந்து இருட்டைப் பூச வேண்டும், இங்கே இருட்டு ஏற்கெனவே இருக்கிறது, வெளிச்சத்தை மட்டும் பூசினால் போதும். கோத்தம் நகரத்துக்கு அந்தக் கனம் வந்தது அதனால்தான். நான் பயிற்சிக் காலத்தில் ஒரு முழு இரவு கறுப்பு அட்டையில் பேஸ்டல் வைத்து ஒரு தெருமுனை வரைந்து பார்த்தேன். எங்கே வெளிச்சம் வேண்டும் என்று ஒவ்வொரு கோட்டிலும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஹார்லி க்வின் என்ற பாத்திரம் காமிக்ஸில் பிறக்கவில்லை, இந்தத் தொடரில்தான் பிறந்தாள். ஷர்லி வாக்கரின் இசையைப் பற்றித் தனித் திரியே போடலாம்.

எக்ஸ்-மென் கதை வேறு மாதிரி. லெஷ் மார்வெலில் இருந்தபோதே அதைத் தொடராக்கப் பாடுபட்டவர். 1989-ல் ஒரு முன்னோட்டப் படம் எடுத்தும் யாரும் வாங்கவில்லை. ஃபாக்ஸில் அதிகாரம் கைக்கு வந்ததும் அவரே வாங்கினார். ஆனால் 1992 இலையுதிர் காலத்துக்கு வர வேண்டியது வரவில்லை. கொரிய ஸ்டுடியோவிலிருந்து வந்த படச்சுருள் பிழைகள் மலிந்து இருந்தது. அக்டோபர் 31 அன்று முன்னோட்டமாக முதல் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு, முறையாகத் தொடங்க 1993 ஜனவரி வரை காத்திருந்தார்கள். அந்த முதல் கதையிலேயே மார்ஃப் என்ற நாயகனை இழக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்கும் காலை நேரத்தில், கதை தொடங்கிய உடனே கூட இருந்த ஒருவன் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் சனிக்கிழமைக் காலையில் ஒரு அத்தியாயத்தில் நடந்தது அடுத்த அத்தியாயத்தை அவ்வளவாகப் பாதிக்காது. எக்ஸ்-மென்னில் தொட்டது தொடர்ந்தது. எரிக் லீவால்டும் அவருடைய எழுத்தாளர்களும் 76 அத்தியாயம் அப்படிக் கொண்டுபோனார்கள்.


#3 | நியூஜெர்சி_நந்தினி | சனி, மாலை 5:30

(அமெரிக்க நேரத்துக்கு இப்போதுதான் விடிந்தது.)

நான் அதை நேரில் பார்த்தவள். 1993-ல் எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை இரவே அம்மாவிடம் அனுமதி வாங்கி வைத்துவிடுவேன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்க்கும் நாள். எண்ணெய்த் தலையோடு, பழைய துண்டைச் சோபாவில் விரித்து, எக்ஸ்-மென் முடியும்வரை அசையக் கூடாது, முடிந்ததும் நேராகக் குளியலறை. இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். சீயக்காய் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்தத் தொடரின் முகப்பு இசை காதில் கேட்கும்.

அந்த முகப்பு இசையையும் பவர் ரேஞ்சர்ஸ் பாட்டையும் போட்டது ஒரே ஆள், ரான் வாசர்மன். இரண்டிலும் கிட்டார் ஒரே மாதிரி உறுமும். சிறு வயதில் அதைக் கவனித்தது இல்லை, இசை கற்றுக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் பேச ஒரே விஷயம்தான் இருக்கும். புதிதாக வந்த இந்தியப் பெண்ணுக்கு மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைத்தது. எக்ஸ்-மென்னில் வரும் ரோக் ஏன் யாரையும் தொட முடியாது என்று நான் விளக்கிய அன்றுதான் எனக்கு முதல் தோழி கிடைத்தாள். அவளும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம்.


#4 | கலை_வழக்கறிஞர் | சனி, இரவு 9:15

அன்பு சொன்ன காரணத்தை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம். சட்டத்தின் பங்கை விட்டுவிட்டுச் சனிக்கிழமைக் காலையின் கதையைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமைக் காலை ஒரு தனி ராஜ்யமானது 1960-களில். சிபிஎஸ்ஸில் இருந்த ஃபிரெட் சில்வர்மன் 1966-ல் காலை முழுக்கச் சூப்பர் ஹீரோக்களை நிறைத்தார். பெற்றோர் பொங்கினார்கள். பெக்கி சேரன் என்ற தாய் பாஸ்டன் பக்கத்தில் தன் வீட்டில் மற்றத் தாய்மார்களைக் கூட்டி 1968-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். வன்முறையைக் குறை, விளம்பரத்தைக் குறை என்று இருபது வருடத்துக்கு மேல் போராடினார்கள். 1969-ல் ஸ்கூபி-டூ வந்தது அந்தச் சூழலில்தான், பேய்க்கதை ஆனால் யாருக்கும் அடி விழாது.

1980-களில் ரீகன் அரசு வந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் பொம்மைக் கம்பெனிகள் அரை மணி நேர விளம்பரத்தையே தொடராக எடுத்தன. அதற்குப் பதிலடியாக வந்ததுதான் 1990-ம் வருடச் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம். ஃபாக்ஸ் கிட்ஸ் பிறந்த அதே வருடம்! வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், வாரநாளில் 12 நிமிடம், அதற்கு மேல் பிள்ளைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் போடக் கூடாது. 1996-ல் அடுத்த விதி: ஒவ்வொரு நிலையமும் வாரத்துக்கு 3 மணி நேரம் கல்வி சார்ந்த நிகழ்ச்சி போட்டாக வேண்டும்.

விளம்பர நேரத்துக்கு அளவு வந்துவிட்டது, நிகழ்ச்சிக்கும் நிபந்தனை வந்துவிட்டது. ஆனால் நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க் போன்ற கேபிள் சேனல்கள் நாளின் பெரும்பகுதி பிள்ளைகள் நிகழ்ச்சி போட்டன, அவற்றுக்கு அந்த 3 மணி நேரக் கட்டாயம் கிடையாது. என்பிசி 1992-லேயே சனிக்கிழமைக் கார்ட்டூன்களைக் கைவிட்டு, பதின்வயதினருக்கான நேரடிப் படப்பிடிப்புத் தொடர்களுக்கும் காலைச் செய்திக்கும் போய்விட்டது. ஃபாக்ஸ் கிட்ஸ் உச்சத்தை நோக்கி ஏறும்போதே தரை நழுவத் தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.


#5 | ரொறன்ரோ_தம்பி | ஞாயிறு, காலை 6:48

அன்பு அண்ணை, எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அப்ப ஸ்காபரோவில் இருந்தனாங்கள். ரொறன்ரோ கேபிளில் பஃபலோ ஊர் ஃபாக்ஸ் நிலையம், டபிள்யூயூடிவி, வரும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காலநிலை அறிவிப்பையும் கார் விளம்பரங்களையும் பார்த்துத்தான் வளர்ந்தோம்.

பவர் ரேஞ்சர்ஸ் பற்றி ஒருவரும் எழுதாதபடியால் நான் எழுதுகிறேன். ஹைம் சபான் என்ற தயாரிப்பாளர் ஜப்பானில் டோய் கம்பெனியின் சென்டாய் தொடர்களை (முகமூடி வீரர் குழுக் கதைகள்) பார்த்துவிட்டு, சண்டைக் காட்சிகளை அப்படியே எடுத்து, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து எடுக்கலாம் என்று யோசித்தார். முகமூடி போட்டிருப்பதால் உள்ளுக்கு யார் என்று தெரியாது. வருடக்கணக்காக ஒவ்வொரு நெட்வொர்க்காக ஏறி இறங்கினார், ஒருவரும் வாங்கவில்லை. லெஷ் மட்டும் உடனே பிடித்துக்கொண்டார், ஏனென்றால் அவரே மார்வெலில் இருந்த காலத்தில் ஸ்டான் லீயோடு சேர்ந்து ஒரு சென்டாய் தொடரை விற்கப் பார்த்துத் தோற்றவர். 1992-ல் ஜப்பானில் வந்த சூரேஞ்சர் என்ற சென்டாய் தொடரின் காட்சிகளை வைத்து 1993 ஆகஸ்ட் 28-ல் தொடங்கினார்கள். அந்த நத்தாருக்குப் பொம்மை கிடைக்காமல் பெற்றோர் கடை கடையாக அலைந்ததை நான் கண்ணால் கண்டேன். என்ரை அப்பாவும் அவர்களில் ஒருவர்.

கனடாவில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். 1994-ல் ஒரு பெற்றோரின் முறைப்பாட்டை விசாரித்த கனேடிய ஒலிபரப்புத் தர நிர்ணயக் குழு, அந்தத் தொடர் வன்முறை விதிகளை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. கனடாச் சேனல்களான குளோபலும் நிறுத்தியது, வைடிவியும் நிறுத்தியது. பாதிக் கதையில் நின்றுபோனது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பஃபலோ நிலையத்துக்கு மாறிவிட்டோம். தடை போட்டதால் ஒரு பிள்ளையும் பார்க்காமல் விடவில்லை, விளம்பரக் காசுதான் எல்லை தாண்டிப் போனது.


#6 | கோட்டோவியன் | ஞாயிறு, காலை 9:20

தம்பி, கட்டுப்பாடு என்றதும் ஸ்பைடர்மேன் நினைவுக்கு வருகிறது. 1994 நவம்பரில் வந்த தொடர். நிஜத் துப்பாக்கி காட்டக் கூடாது, அதனால் தெரு ரவுடியும் லேசர் துப்பாக்கியோடு வருவான். ஸ்பைடர்மேன் யாரையும் முஷ்டியால் குத்துவது அபூர்வம். மார்பியஸ் ஒரு இரத்தக் காட்டேரி, ஆனால் இரத்தம் என்று சொல்லக் கூடாது. அவன் உள்ளங்கையில் உறிஞ்சிகள் வைத்துப் பிளாஸ்மாவை உறிஞ்சுவான்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் நான் எப்போதும் வாதாடுவேன். குத்த முடியாது என்றதால் எழுத்தாளர்கள் வலையையும் புத்தியையும் வைத்தே ஒவ்வொரு சண்டையையும் முடிக்க வேண்டியிருந்தது. பீட்டர் பார்க்கரின் வாடகை, அத்தையின் உடல்நலம், வேலை என்று அவன் வாழ்க்கைக்குள் கதை ஆழமாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதே ஃபாக்ஸ் கிட்ஸில் பேட்மேனுக்கு மட்டும் துப்பாக்கி அனுமதி இருந்தது எப்படி என்று யாராவது கேட்டால், 1989 திரைப்படத்தின் வெற்றி முதுகில் இருந்தபோது பேரம் பேசினார்கள் என்பதே என் ஊகம்.


#7 | ஆன்டெனா_அன்பு | ஞாயிறு, காலை 10:05

கலை அவர்களே, சட்டத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. சட்டம் எல்லா நெட்வொர்க்குக்கும் ஒன்றுதானே? அதே விதிகளுக்குள் ஃபாக்ஸ் ஏறியது, என்பிசி விலகியது. அப்படியென்றால் வேறு ஏதோ வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். அது நிலையங்களின் அக்கறை என்கிறேன்.

ஃபாக்ஸ் கிட்ஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. ஊர் நிலையத்துக்கு எழுதிப் போட்டால் உறுப்பினர் ஆகலாம், பத்திரிகை வரும். நிலையம் தன் ஊர்ப் பிள்ளைகளிடம் நேராகப் பேசியது. லாபத்தில் பங்கு இருந்ததால் அதைச் செய்தார்கள்.

அது மாறியது எப்போது தெரியுமா? அமெரிக்கக் கால்பந்து வந்தபோது. 1993 டிசம்பரில் ஃபாக்ஸ் 158 கோடி டாலர் கொடுத்து என்எஃப்எல் என்ற அந்தக் கால்பந்துப் போட்டியின் ஆட்டங்களில் ஒரு பாதிக்கான உரிமையைச் சிபிஎஸ்ஸிடமிருந்து தட்டிப் பறித்தது. அடுத்த மே மாதம் நியூ வேர்ல்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அதன் 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுத்தது. அட்லான்டா, டெட்ராய்ட், டல்லஸ், கிளீவ்லேண்ட் என்று பெரிய ஊர்கள். பெரும்பாலும் பல வருடம் சிபிஎஸ்ஸோடு இருந்த கௌரவமான நிலையங்கள். அவற்றுக்கு மாலையில் செய்தி ஒளிபரப்பித்தான் பழக்கம், அதில்தான் வருமானம். கார்ட்டூன் எங்களுக்கு வேண்டாம் என்றன. அந்த ஊர்கள் பலவற்றில் ஃபாக்ஸ் கிட்ஸ் வேறொரு சின்ன நிலையத்துக்கு ஒதுங்கியது. ஃபாக்ஸ் என்ற பெயர் ஒரு சேனலில், ஃபாக்ஸ் கிட்ஸ் இன்னொரு சேனலில்.

ஆரம்பத்தில் ஃபாக்ஸ் நிலையங்களுக்குக் கார்ட்டூன்தான் சாப்பாடு. 1994-க்குப் பிறகு சேர்ந்தவற்றுக்கு அது தேவையில்லாத சுமை. பிள்ளைகள் பார்ப்பது குறைவதற்கு முன்பே வீட்டுக்காரரின் மனம் மாறிவிட்டது.


#8 | நியூஜெர்சி_நந்தினி | ஞாயிறு, மாலை 6:11

அன்பு, இது எனக்குப் புதிது. என் கணவர் அட்லான்டாவில் வளர்ந்தவர், கேட்டேன். “திடீரென்று ஒரு வருடம் சேனல் நம்பர் மாறிவிட்டது, ரிமோட்டில் தேடினோம்” என்றார். ஏன் என்று முப்பது வருடம் கழித்து இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.


#9 | வரவுசெலவு | ஞாயிறு, இரவு 10:40

நான் அதிகம் எழுதாதவன். கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜேமி கெல்னர் 1993-ல் ஃபாக்ஸை விட்டுப் போய் வார்னர் கம்பெனியின் டபிள்யூபி நெட்வொர்க்கை ஆரம்பித்தார். 1995 செப்டம்பர் 9 அன்று அதில் கிட்ஸ் டபிள்யூபி தொடங்கியது. ஃபாக்ஸ் கிட்ஸில் ஓடிய வார்னர் தொடர் அனிமேனியாக்ஸ் அங்கே போயிற்று, பிற்பாடு பேட்மேனும். வார்னர் தன் சரக்கைத் தன் கடைக்கே எடுத்துக்கொண்டது. டக்டேல்ஸில் டிஸ்னி செய்தது அதுதானே. வெளியாரின் தொடரை நம்பினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இதற்கு ஃபாக்ஸ் கண்ட வழி, சபானோடு கூட்டுச் சேர்வது. 1997-ல் அந்தக் கூட்டுக் கம்பெனி ஃபேமிலி சேனல் என்ற கேபிள் சேனலைச் சுமார் 190 கோடி டாலருக்கு வாங்கியது, 1998 ஆகஸ்டில் ஃபாக்ஸ் ஃபேமிலி என்று பெயர் மாற்றியது. லெஷ் 1997-லேயே வெளியேறிவிட்டார். ஃபாக்ஸ் ஃபேமிலி எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஒரே முதலாளி, ஒரே சரக்கு, இரண்டு கடை. கேபிளில் போட வேண்டியதா, ஊர் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டியதா என்ற கேள்வி வந்தபின் கூட்டாளி என்ற பேச்சுக்கு இடம் ஏது?

2001-ல் டிஸ்னி அந்தக் கம்பெனி முழுவதையும் 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கேபிள் சேனல், சபானின் தொடர்கள், பவர் ரேஞ்சர்ஸ் எல்லாம் டிஸ்னி கைக்குப் போயின. டிஸ்னியோடு போட்ட சண்டையில் பிறந்ததன் சொத்தெல்லாம் டிஸ்னியிடமே போய்ச் சேர்ந்தது. அந்த வருடக் கடைசியில் வாரநாள் நேரத்தை ஃபாக்ஸ் தன் நிலையங்களிடமே திருப்பிக் கொடுத்தது. சனிக்கிழமைக் காலையை 4கிட்ஸ் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது, வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர். கார்ட்டூன் எடுத்து, விளம்பரம் பிடித்து, லாப நஷ்டம் பார்க்கும் தலைவலி இல்லை. வீட்டைப் பூட்டி வைப்பதற்குப் பதில் குடிவைத்தார்கள்.

2002 செப்டம்பர் 7 கடைசி சனிக்கிழமை. அடுத்த வாரம் அந்த இடத்தில் 4கிட்ஸின் ஃபாக்ஸ்பாக்ஸ்.


#10 | கலை_வழக்கறிஞர் | திங்கள், காலை 8:30

வரவுசெலவு எழுதியதைப் படித்தபின் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். சட்டம் அந்த நேரத்தின் வருமானத்துக்கு மேல்வரம்பு வைத்தது. ஆனால் அதை வாடகைக்கு விடலாம் என்ற முடிவு முதலாளியுடையது.

இருந்தாலும் ஒன்று. 4கிட்ஸ் 2008 டிசம்பர் 27 அன்று வெளியேறிய பிறகு அந்த நேரத்தில் ஃபாக்ஸ் போட்டது பொருள் விற்கும் நீள விளம்பரங்கள். பெக்கி சேரன் காலம் முழுக்கப் பிள்ளைகள் நேரத்தில் விளம்பரத்தைக் குறைக்கப் போராடினார். கடைசியில் பிள்ளைகளே இல்லாத விளம்பரம் மட்டும் மிஞ்சியது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.


#11 | சுட்டி_சரவணன் | திங்கள், பிற்பகல் 1:25

நான் இந்தத் திரியில் எல்லாரையும்விட இளையவன். திருச்சி. 1997-ல் பிறந்தேன், அமெரிக்கா போனதே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் சண்டையெல்லாம் எங்கள் வீட்டு டிவிக்கும் வந்திருக்கிறது.

2004 கடைசியில் டூன் டிஸ்னி இந்தியாவுக்கு வந்தபோது தமிழிலும் வந்தது. அதில் ஜெடிக்ஸ் என்ற நேரத்தில் பவர் ரேஞ்சர்ஸ் தமிழ் பேசினார்கள். டிஸ்னி சேனலில் ஏன் பவர் ரேஞ்சர்ஸ் என்று அப்போது யோசித்ததே இல்லை. 2001-ல் சபானின் சொத்தோடு சேர்த்து டிஸ்னி வாங்கியதால்தான் என்று இப்போது புரிகிறது.

அதேபோல் சுட்டி டிவியில் எங்கள் தலைமுறையே விழுந்து விழுந்து பார்த்த ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ், 2000 செப்டம்பரில் கிட்ஸ் டபிள்யூபியின் சனிக்கிழமைக் காலைக்காக எடுத்தது. 95 அத்தியாயம். தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் அதில் வரும் மாமாவை நம் ஊர்ப் பெரியவராகவே ஆக்கிவிட்டார்கள். என் தங்கைக்கு அது அமெரிக்கத் தொடர் என்று இன்றும் நம்ப முடியவில்லை. கதையில் வரும் தாயத்துகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்வாள்.


#12 | கோட்டோவியன் | திங்கள், இரவு 7:50

சரவணன், மனம் நிறைந்தது. உங்கள் தங்கைக்கு என் வணக்கம்.

ஃபாக்ஸ் கிட்ஸின் கடைசி மூன்று வருடம் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். 1999 பிப்ரவரியில் போக்கிமான் கிட்ஸ் டபிள்யூபிக்கு வந்தது. ஃபாக்ஸ் ஆகஸ்டில் டிஜிமானைக் கொண்டுவந்தது. டிஜிமானைப் போலி என்று ஒதுக்கியவர்கள் பலர். எனக்கு அது போக்கிமானைவிடக் கனமான கதை. பெற்றோர் பிரிந்த பிள்ளைகள், தத்துப் பிள்ளை, தாயிடம் பேசத் தயங்கும் மகள் என்று மனிதர்களைப் பற்றியது. அது ஓடியது. ஆனால் அதன் பிறகு ஜப்பானிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாங்கிப் போட்டு, சரியாக ஓடாததைச் சில வாரத்தில் தூக்கிவிட்டார்கள். 2000-ல் எஸ்காஃப்ளோன் என்ற ஜப்பானியத் தொடருக்கு நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவ்வளவு அழகான படைப்பு. கண்டபடி வெட்டினார்கள், இசையை மாற்றினார்கள், பிறகு நடுவிலேயே நிறுத்தினார்கள்.

லெஷ் எக்ஸ்-மென்னுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார். பிழையான படச்சுருள் வந்தபோது தொடரைத் தள்ளிப்போட்டார்களே தவிர கைவிடவில்லை. அந்தப் பொறுமை பின்னால் வந்த நிர்வாகத்திடம் இல்லை. அன்பு, உங்கள் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.


#13 | ஆன்டெனா_அன்பு | திங்கள், இரவு 9:02

சேர்க்கிறேன். நிலையங்களின் அக்கறை ஒன்றே காரணம் என்று தொடங்கினேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னது தவறு. நிலையங்களும் லெஷும் சேர்ந்திருந்தபோது அவருக்குக் காத்திருக்க நேரம் கிடைத்தது. 1994-லிருந்து 1997-க்குள் இரண்டும் போய்விட்டன. போக்கிமான் வந்தபோது தாங்கிப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. இப்போது எனக்குப் படுவது இது.

மற்ற நெட்வொர்க்குகளில் சனிக்கிழமைக் கார்ட்டூன்கள் எப்போது முடிந்தன என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கடைசியாக மிஞ்சியது சிடபிள்யூ சேனலின் வோர்டெக்ஸ். 2014 செப்டம்பர் 27 அன்று அதுவும் நின்றது.


#14 | ரொறன்ரோ_தம்பி | செவ்வாய், காலை 7:15

அண்ணை, நேற்று இந்தத் திரியைப் படித்துவிட்டு அப்பாவின் வீட்டு நிலவறையைக் கிளறினேன். ஒரு விஎச்எஸ் கிடைத்தது. மேலே அம்மாவின் கையெழுத்தில் “பிள்ளையள் – தொட வேண்டாம் – டிசம்பர் 94” என்று இருக்கிறது. பஃபலோ நிலையத்திலிருந்து பதிந்தது, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். கொஞ்சம் பூஞ்சணம், ஆனால் ஓடும் போலத்தான் தெரியுது. கணினிக்கு மாற்றும்போது நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிட்டுத் தொடர்களை மட்டும் வைக்கட்டுமா?


#15 | ஆன்டெனா_அன்பு | செவ்வாய், காலை 7:19

தம்பி, தயவுசெய்து ஒரு நொடி கூட வெட்டாதீர்கள். தொடர்கள் எங்கேயும் கிடைக்கும். அந்த ஊர் நிலையத்தின் அறிவிப்பும் கிளப் விலாசமும் விளம்பரமும் உங்கள் நாடாவில் மட்டும்தான் இருக்கும். பூஞ்சணம் இருந்தால் நேராகப் பிளேயரில் போட வேண்டாம், அதன் தலையும் கெட்டுவிடும், நாடாவும் அறுந்துவிடும். முதலில் காய்ந்த இடத்தில் சில நாள் வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் கோட்டோவியன் ஊரில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.


#16 | கோட்டோவியன் | செவ்வாய், காலை 7:44

இருக்கிறார்கள், ஆனால் கடல் தாண்டி அனுப்ப வேண்டாம். ரொறன்ரோவிலேயே ஆளைக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை நாடாவை நிமிர்த்தி, நூலகத்தில் புத்தகம் நிற்பது மாதிரி வையுங்கள்.